எத்தனை நாள் என்று எழுதிக் கொடுங்கள்

அம்மை போட்ட பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது. இதில் எங்களுக்கு யாரோடும் சண்டை இல்லை. சின்னம்மைக் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பக்கத்துப் பிள்ளைக்கு ஒட்டும். பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு நாள். தட்டம்மைக்குத் தடிப்பு வந்ததிலிருந்து 4 நாள். பொன்னுக்கு வீங்கிக்குக் கன்னம் வீங்கியதிலிருந்து 5 நாள். வயிற்றுப்போக்கு நின்று இரண்டு நாள் கழித்து அனுப்புவது நல்லது. சொறி சிரங்குக்கு இவ்வளவுகூட வேண்டாம். இரவு முழுக்க மருந்து தடவி வைத்துக் காலையில் குளிப்பாட்டினால் அன்றைக்கே வகுப்புக்கு வரலாம். தலையில் பேன் இருக்கிறது என்று ஒரு நாள்கூட நிறுத்தத் தேவையில்லை.

இதை ஏன் இப்படி வரிசையாகச் சொல்கிறோம் என்றால், காலனிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது மட்டும் இந்த நாள் கணக்கு காணாமல் போய்விடுகிறது.

வட மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. காலனிப் பிள்ளைகள் மூன்று பேருக்குச் சிரங்கு. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பதினொரு பேர். அதாவது அந்தத் தெருவிலிருந்து வரும் எல்லாப் பிள்ளைகளும். நான்காம் நாள் நாங்கள் போனோம். தலைமை ஆசிரியர் நல்லபடியாகத்தான் பேசினார், டீ வாங்கிவரச் சொன்னார். “உங்க பக்கம் வீடெல்லாம் நெருக்கம் சார், ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வரும். பெத்தவங்க கேக்குறாங்க.” எந்தப் பெற்றோர் என்று கேட்டோம். பதில் இல்லை. எப்போது திரும்ப வரலாம் என்று கேட்டோம். “சரியானதும் வரட்டும்.” உடம்புக்கு ஒன்றும் இல்லாத எட்டுப் பிள்ளைகளுக்கு எது சரியாக வேண்டும்? அதில் ஒரு சிறுமி இரண்டு கையையும் விரித்துக் காட்டி, “எனக்கு அரிக்கவே இல்லையே” என்றாள். வருகைப் பதிவில் அவள் நான்கு நாளும் ஆப்சென்ட். பள்ளி அனுப்பியது என்று எங்கும் எழுதவில்லை. அவளாக வராமல் போனதாகக் கணக்கு.

ஊர்த்தெருப் பிள்ளை ஒருவனும் அதே வகுப்பில் முழங்கையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவனையும் அனுப்புங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவனுக்கும் மருந்துதான் தேவை.

சதாராவில் படித்த பீமாராவுக்கு வகுப்பின் மூலையில் உட்கார ஒரு தனிச் சாக்குத் துண்டு. பள்ளியைக் கூட்டுகிறவர்கூட அதைத் தொடமாட்டார் என்பதால் மாலையில் வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் கொண்டுவர வேண்டும். அந்தப் பிள்ளைக்கு எந்தக் காய்ச்சலும் இல்லை. அந்த ஒதுக்கலுக்கு முடிகிற தேதியும் இல்லை. இன்றைக்குச் சாக்குத் துண்டை யாரும் கொடுப்பதில்லை. ‘சுகாதாரம்’ என்ற சொல் இருக்கிறது, அதைச் சொன்னால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

சரி, உண்மையாகவே நோய் வந்த பிள்ளையை ஒரு வாரம் வீட்டில் வைப்பது எப்படி? சொல்வது சுலபம். நடவுக்கும் களைக்கும் போகிற அம்மாவுக்கு லீவு என்பது கூலி இல்லாத நாள். ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை பார்ப்பவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார். டவுனில் வீட்டு வேலைக்குப் போகிறவர், பிள்ளைக்கு அம்மை என்று வாய் தவறிச் சொன்னால் அவரையும் வரவேண்டாம் என்பார்கள். அதனால் என்ன நடக்கிறது? ஏழாவது படிக்கும் அக்கா நின்றுகொள்கிறாள். தம்பிக்கு அம்மை, படிப்பு போவது இரண்டு பேருக்கு. அக்காவின் அந்த ஏழு நாளை எந்தப் பதிவேடும் நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

சாப்பாடும் போகிறது. காலை உணவு, மதியச் சத்துணவு, முட்டை எல்லாம் பள்ளிக்கு வந்த பிள்ளைக்குத்தான். நோயில் கிடக்கிற பிள்ளைக்குத்தான் அந்த முட்டை அதிகம் தேவை. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்குக் கொடுத்தார்களே. பள்ளி முழுவதற்கும் முடிந்தது ஒரு பிள்ளைக்கு முடியாதா?

இன்னொன்று. அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசியில் தட்டம்மை–ரூபெல்லா உண்டு. பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் இல்லை. தனியாரில் சின்னம்மை ஊசிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும், அதுவும் இரண்டு தவணை. காசுள்ள வீட்டுப் பிள்ளை ஊசி போட்டுக்கொண்டு வகுப்பில் உட்காரும். காசில்லாத பிள்ளை அம்மை வாங்கி வீட்டில் கிடக்கும். பிறகு அந்தத் தெருவுக்கே ‘நோய்த் தெரு’ என்று பெயர் வந்துவிடும்.

அந்தப் பள்ளியில் கடைசியில் என்ன நடந்தது என்றால், கிராம சுகாதார செவிலியரை அழைத்து வந்தோம். எட்டுப் பேர் மறுநாளே வகுப்புக்குப் போனார்கள். சிரங்கு இருந்த மூன்று வீட்டிலும் பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லோருக்கும் ஒரே இரவில் மருந்து தடவ ஏற்பாடு செய்தோம். பிள்ளைக்கு மட்டும் ஒரு டியூப் கொடுத்தால் பாட்டியிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற தொகுப்பு வீடு. ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறையும் தடவ வேண்டும். இதில் ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: மருந்து போட்டுப் பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும். பிள்ளை சொறிகிறது என்பதற்காகத் திரும்ப வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் உண்டு. பல ஊரில் நம் அம்மாக்களிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு நீங்களே போங்கள். வேலை நாளாக இருந்தால் இரண்டு பேராவது போங்கள். பிள்ளையை வீட்டில் வைக்கச் சொன்னால் என்ன நோய், யார் பார்த்தார், எந்தத் தேதியில் திரும்ப வரலாம் என்று ஒரு தாளில் எழுதித் தரவேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். அந்த நாட்களின் முட்டையையும் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், மறுத்த தேதியை நீங்கள் எழுதி வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிடுங்கள்.