பழைய விமானமும் எங்கள் வீட்டு டிராக்டரும்



தலைப்பைப் பார்த்ததும் சிலர் சிரிப்பீர்கள். பெரம்பலூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு வைத்திருக்கிற வீட்டுப் பையனுக்கு விமானம் வாங்குகிற யோசனை எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் வம்சத்தில் விமானம் ஏறியவர் யாரும் கிடையாது. பத்தாவது தாண்டியவனே நான் ஒருவன்தான். ஆனாலும் பழைய விமானத்தை எப்படிச் சோதித்து வாங்குகிறார்கள் என்று நம் நூலகத்தில் படித்த விஷயம், போன மாசி மாதம் எங்கள் வீட்டில் மூன்றரை லட்ச ரூபாய்க் கணக்கில் கைகொடுத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விமானம் வாங்குகிறவர் எதைப் பார்ப்பார்?

நான் சொல்வது இரண்டு பேரோ நான்கு பேரோ உட்காரும் ஒற்றை இஞ்சின் விமானம். செஸ்னா 172 என்ற அமெரிக்க விமானம் 1955-இல் முதன்முதலாகப் பறந்தது. இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். நம் நாட்டு விமானப் பயிற்சிப் பள்ளிகளிலும் இதைப் பார்க்கலாம். முப்பது நாற்பது வயதான செஸ்னாக்கள் இன்றும் உலகத்தில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

விவரம் தெரிந்தவர் முதலில் பெயிண்டைப் பார்க்க மாட்டார், புத்தகத்தைக் கேட்பார். விமானத்தின் உடலுக்கும் இஞ்சினுக்கும் பதிவேடு உண்டு. எத்தனை மணி நேரம் பறந்தது, எந்தப் பாகத்தை எப்போது மாற்றினார்கள், எப்போது அடிபட்டது, யார் பழுது பார்த்தார் என்று எல்லாம் தேதி போட்டுக் கையெழுத்தோடு இருக்கும். 'இந்த மாடலில் இந்தப் பாகத்தில் கோளாறு இருக்கிறது, கட்டாயம் சரிசெய்' என்று அரசாங்க விமானத் துறை உத்தரவு போட்டிருந்தால், அதை நிறைவேற்றிய பதிவும் இருக்க வேண்டும். பழைய பதிவேடு தொலைந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால் விலை அந்த இடத்திலேயே இறங்கிவிடும்.

அடுத்தது இஞ்சின். செஸ்னாவில் இருக்கும் இஞ்சின் வகைகளுக்குப் பொதுவாக 2,000 மணிக்கு ஒருமுறை ஓவர்ஹால் என்று கம்பெனி சொல்லியிருக்கும். 1,900 மணி ஓடிய விமானம் மலிவாகக் கிடைக்கிறது என்றால், ஓவர்ஹால் செலவு வாங்குகிறவர் தலையில் விழப்போகிறது என்று அர்த்தம். அதற்காகக் குறைந்த மணி ஓடியதெல்லாம் நல்லது என்றும் நம்பக்கூடாது. வருஷக்கணக்கில் கொட்டகையில் சும்மா நின்ற இஞ்சினில் ஆயில் படலம் வடிந்துபோய், ஈரம் ஏறி, கேம் ஷாப்டில் துரு பிடித்துவிடும். ஓடிக் கெட்ட இஞ்சினும் உண்டு, நின்று கெட்ட இஞ்சினும் உண்டு.

இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். தெர்மல் பாடம் படித்த நமக்கு இது சுலபமாகப் புரியும். பிஸ்டனை டாப் டெட் சென்டரில் நிறுத்தி, சிலிண்டருக்குள் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றை விடுவார்கள். உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று இன்னொரு மீட்டர் காட்டும். 75 நின்றால் சந்தோஷம். இறங்க இறங்கச் சந்தேகம். அப்போது காதை வைத்துக் கேட்பார்கள். புகைக்குழாயில் 'உஸ்' என்று சத்தம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு கசிகிறது. கார்புரேட்டர் பக்கம் வந்தால் இன்லெட் வால்வு. ஆயில் ஊற்றுகிற வாயில் வந்தால் பிஸ்டன் ரிங். அதோடு ஆயில் பில்டரை அறுத்துப் பிரித்து, மடிப்பில் உலோகத் துகள் மின்னுகிறதா என்றும் தேடுவார்கள்.

மூன்றாவது, என்ன வேலை செய்த விமானம் என்பது. சொந்தக்காரர் ஓட்டிய விமானமும் பயிற்சிப் பள்ளி விமானமும் ஒரே மணிக்கணக்கு ஓடியிருக்கலாம். ஆனால் பள்ளி விமானத்தை, கற்றுக்கொள்கிற பையன்கள் ஒரே மணி நேரத்தில் பலமுறை தரையில் இறக்கி ஏற்றுவார்கள். சக்கரக் கால்கள் வாங்கிய அடி எந்த மீட்டரிலும் ஏறாது.

கடைசியாக ஒன்று. இந்தச் சோதனையை விற்பவருடைய மெக்கானிக்கிடம் விடமாட்டார்கள். வாங்குகிறவர் தன் கைக்காசைக் கொடுத்து வேறொருவரைக் கூட்டிவருவார். அவர் 'வேண்டாம்' என்று சொன்னாலும் அவருக்குப் பேசிய கூலி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கான்பூரில் கிடந்த விமானங்கள்

சோதனை என்றால் ஒதுக்குவதற்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் லிபரேட்டர் என்ற நான்கு இஞ்சின் குண்டுவீச்சு விமானங்களை இனி யாரும் பறக்கவிடக்கூடாது என்று வேண்டுமென்றே உடைத்துக் கான்பூரில் போட்டுவிட்டுப் போனார்கள். 1948-இல் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்காரர்கள் அந்தக் குப்பையில் இறங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து, தேறுவதைப் பிரித்தார்கள். ஒன்றில் நல்லது இன்னொன்றில் இல்லாததற்கு உதவியது. பறக்கிற அளவுக்கு அங்கேயே ஒட்டுப்போட்டு, பெங்களூருக்குப் பறந்தே கொண்டுவந்து முழுசாகச் சரிசெய்தார்கள். இப்படி நாற்பது விமானங்கள் அளவுக்குத் தேறின. நம் விமானப்படை 1968 வரை அவற்றைப் பயன்படுத்தியது! பார்க்கத் தெரிந்தவர் கண்ணுக்குத்தான் குப்பையும் விமானமும் பிரிந்து தெரியும்.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம்

எங்கள் தாத்தா கைநாட்டு. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும், படிக்க வராது. ஆனால் மாடு பார்ப்பதில் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. சந்தையில் வாயைத் திறந்து ரெண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா என்று வயசு சொல்லுவார். சுழி பார்ப்பார். நடக்கவிட்டுக் குளம்பு பார்ப்பார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். அந்த அப்பா, மாடுகளை விற்ற பிறகு ஆறேழு வருஷமாக வாடகை டிராக்டருக்குக் காத்துக் கிடந்தார். மழை பெய்து ஈரம் இருக்கும்போது எல்லோருக்கும் ஒரே நாளில் வண்டி வேண்டும். நம் முறை வருவதற்குள் ஈரம் காய்ந்துவிடும்.

ஒரு போகம் சின்ன வெங்காயம் நல்ல விலைக்குப் போனது. அம்மாவின் ரெண்டு வளையலும் பேங்குக்குப் போனது. கையில் மூன்றரை லட்சம். "தம்பி, நீ மெக்கானிக்கல் படிக்கிற. நீ பாத்துச் சொல்லு"ன்னு அப்பா சொன்னபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. பரிட்சையில் பெயிலானால் அரியர் எழுதலாம். இதில் அரியர் கிடையாது.

பெரம்பலூரில் நாற்பது வருஷம் டிராக்டர் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு மெக்கானிக் அண்ணனைப் பிடித்தேன். ஒரு வண்டிக்கு ஐநூறு ரூபாய் என்று பேசி, மூன்று வண்டி பார்த்தோம்.

முதல் வண்டி அரியலூர்ப் பக்கம். புரோக்கர் காட்டினார். புதுப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. அப்பா முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. காலை ஏழு மணிக்குப் போய் இஞ்சினைத் தொட்டேன், சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறட்டும் என்று டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்யச் சொன்னோம். நாலு தடவை இழுத்த பிறகு கிளம்பி நீலப் புகை விட்டது. குளிரில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்தால் பயமில்லை, விடாமல் நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்ததும் அங்கிருந்தும் புகை பொங்கியது. ரிங் போய்விட்டது! மீட்டர் 2,100 மணி காட்டியது. கிளட்ச் பெடலோ ரப்பர் தேய்ந்து, இரும்பும் வழுவழுவென்று இருந்தது. பின்னால் டிரெய்லர் மாட்டும் துளை வட்டம் போய் முட்டை வடிவமாகியிருந்தது. உழுத வண்டிக்கு அப்படி ஆகாது, கல் இழுத்த வண்டிக்கு ஆகும். சுண்ணாம்புக்கல் பூமியில் அதைச் சொல்லியா தெரியவேண்டும்?

ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் படித்தேன். பைனான்ஸ் கடன் இருக்கிறதென்று அதில் பதிவு அப்படியே இருந்தது. "எல்லாம் கட்டி முடிச்சாச்சு தம்பி, பேப்பர் பின்னாடி வரும்" என்றார் புரோக்கர். அந்தப் பேப்பர் வராவிட்டால், காசு கொடுத்தவர் நாம், வண்டி தூக்கிப் போகிறவர் வேறு. மெக்கானிக் அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "வேணாம்ப்பா" என்றேன்.

புரோக்கர் சிரித்தார். "அண்ணே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா? சின்னப் பையன் பேச்சைக் கேட்டா வண்டி கைய விட்டுப் போயிரும்" என்றார். அப்பா வண்டியை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "அவன் வேணாங்கிறான். வாங்க போவோம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

நண்பர்களே, அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது ஒன்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்கு வந்த எந்தப் பத்திரத்தையும், எந்த ரசீதையும் அடுத்தவர்தான் படித்துச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதற்குத் தலையாட்டுவதுதான் வழி. 'வேண்டாம்' என்று சொல்ல, முதலில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவேண்டுமே!

ரெண்டாவது வண்டி 900 மணிதான் ஓடியிருந்தது. சொந்தக்காரர் இறந்துபோய் மூன்று வருஷமாகக் கொட்டகையில் நின்றது. டயரில் வெடிப்பு, டீசல் டாங்கிற்குள் துரு. "இஞ்சினையும் பம்பையும் பிரிச்சாத்தான் செலவு சொல்ல முடியும்" என்றார் மெக்கானிக் அண்ணன். பிரிக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. வந்துவிட்டோம். வீட்டில் அம்மா, "வாங்காத வண்டிக்கு எதுக்குடா ஐநூறு ஐநூறா குடுக்குறீங்க?" என்று சத்தம் போட்டார். "அந்த ஐநூறுதாம்மா உன் வளையலுக்குக் காவல்" என்றேன். அம்மாவுக்குக் கோபம் தீரவில்லை.

மூன்றாவது வண்டி ஆலத்தூர்ப் பக்கம். பெயிண்ட் வெளுத்து, மட்காடு நசுங்கி, பார்க்கவே சகிக்காது. 4,300 மணி. ஆனால் பெரியவர் ஒரு நோட்டு எடுத்து வந்து கொடுத்தார். எந்தத் தேதியில் ஆயில் மாற்றினார், எப்போது கிளட்ச் பிளேட் போட்டார் என்று பென்சிலில் எழுதி, ரசீதையும் சொருகி வைத்திருந்தார். எனக்குச் செஸ்னா பதிவேட்டையே பார்த்த மாதிரி இருந்தது! குளிர்ந்த இஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்பியது. கலப்பையை மாட்டித் தூக்கி, இஞ்சினை நிறுத்தி, மோர் குடித்துவிட்டு வந்து பார்த்தோம். ஹைட்ராலிக் நாலு விரல்கூட இறங்கவில்லை. ஜாக்கி வைத்து முன்சக்கரத்தை ஆட்டியபோது கொஞ்சம் ஆட்டம் இருந்தது. பின்டயர் ஒன்று மொட்டை. இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

அதுவரை அப்பாவைக் காணோம். தேடினால் மாட்டுக் கொட்டகையில் நிற்கிறார். "தம்பி, மாட்டுக்கு அடியில ஒரு சாணி இல்ல, கயிறு ஒரு புரி பிரியல. இந்த ஆளு வண்டியைக் கெடுத்திருக்க மாட்டாரு" என்றார். விமானப் புத்தகமும் இதைத்தான் சொல்கிறது. விமானத்தைப் பார்ப்பதோடு அதை வைத்திருந்தவரையும் பார் என்று. அப்பாவுக்கு அது ஏட்டில் இல்லாமலே தெரிந்திருக்கிறது.

டயரையும் முன்சக்கர ஆட்டத்தையும் காட்டி இருபத்தைந்தாயிரம் குறைத்து, மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்கு முடித்தோம். வளையல் ஒன்று அந்த மாதமே வீட்டுக்குத் திரும்பியது.

முதல்முதலாக வாங்குவோருக்கு

1. பேப்பரை முதலில் பாருங்கள். இஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் வண்டியோடு ஒப்பிடுங்கள்.

2. கடன் பதிவு இருந்தால் தடையில்லாச் சான்றும் 35-ஆம் எண் படிவமும் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்ற 29, 30-ஆம் எண் படிவங்களில் அன்றே கையெழுத்து வாங்குங்கள்.

3. இஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

4. மீட்டரை மட்டும் நம்பாமல் பெடல், சீட், கொக்கி எல்லாவற்றின் தேய்மானத்தையும் பாருங்கள்.

5. விற்பவருக்கு வேண்டாத ஒரு மெக்கானிக்கை உங்கள் செலவில் கூட்டிப்போங்கள்.

நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். டிப்ளமோ முடித்துப் பெரிய வேலை கிடைக்கும்போது கிடைக்கட்டும். அதற்கு முன்பே, இரண்டாம் ஆண்டிலேயே, வீட்டுக்கு உதவுகிற படிப்பு நம் கையில் இருக்கிறது. இப்போது எங்கள் தெருவில் யார் பழைய வண்டி வாங்கினாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். நானும் போகிறேன். எனக்கு ஒரு டீ போதும். மெக்கானிக் அண்ணனுக்கு மட்டும் ஐநூறு ரூபாயை முதலிலேயே எடுத்து வைக்கச் சொல்லிவிடுகிறேன், வண்டி பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்!

— இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்