இரண்டே நிமிஷம்!

கார் திருடன் என்றால் எப்படி இருப்பான்? கறுப்புச் சட்டை, முகமூடி, கையில் ஒரு கொத்துக் கள்ளச் சாவி - இப்படித்தான் வெகு நாளாக எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் காரைக் கொண்டுபோன ஆசாமிக்குக் கள்ளச் சாவி தேவைப்படவில்லை. அசல் சாவியையே அவனுக்குக் கொடுத்திருந்தேன். அதுவும் ஒன்றல்ல, இரண்டு!

2022-ஆம் வருஷம், ஆவணி மாதம். மேற்கு மாம்பலத்தில் ஒரு தையற்கடை வாசலில் காரை நிறுத்தினேன். அம்மாவின் ரவிக்கையை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான் வேலை. புழுக்கமோ தாங்கவில்லை. திரும்பி வரும்போது உள்ளே ஜில்லென்று இருக்கட்டுமே என்று எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கினேன்.

"சாவியை எடுத்துக்கோடா" என்றாள் அம்மா.

"இரண்டே நிமிஷம், அம்மா!" என்றேன்.

தையற்காரர் கடைசிக் கொக்கியைத் தைத்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. வெளியே வந்து பார்த்தால், கார் நின்ற இடத்தில் யாரோ ஒரு சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள்!

அது அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கிய கார். அவர் காலமாகி இரண்டு வருஷமாகியும் அவருடைய மூக்குக் கண்ணாடி டாஷ்போர்டு அறையிலேயே இருந்தது. எடுத்து வேறிடத்தில் வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. அதன் பக்கத்திலேயே, 'அவசரத்துக்கு உதவும்' என்று மாற்றுச் சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் நான் வைத்திருந்தேன். என் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல!

போலீஸ் ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொண்டு எப்.ஐ.ஆர். நகல் கொடுத்தார்கள். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்காரர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இரண்டு சாவிகளும் எங்கே, சார்?" என்பதுதான். கார் திருட்டுப் போனால் அசல் சாவிகள் இரண்டையும் கேட்பது அவர்கள் வழக்கமாம். நான் திருதிருவென்று விழித்தேன். காரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸார் சான்று தந்து, கடிதங்கள் போய் வந்து, பதினொரு மாதம் கழித்துக் காரின் மதிப்பில் முக்கால் பங்கு கைக்கு வந்தது. முழு இன்ஷ்யூரன்ஸ் இருந்ததால் அதாவது கிடைத்தது. சட்டம் கட்டாயப்படுத்தும் 'மூன்றாம் நபர்' இன்ஷ்யூரன்ஸ் மட்டும் இருந்தால், திருட்டுக்குக் காலணாகூடப் பெயராது. உங்கள் வீட்டுப் பாலிசி எந்த ரகம் என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

பிறகு வந்த புதுக் காருக்குச் சாவியைப் போட்டுத் திருக வேண்டியதில்லை. சாவி சட்டைப் பையில் இருந்தாலே கதவு திறக்கும். பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கிளம்பும். "இனித் திருடனுக்கு வேலையில்லை" என்று பெருமையடித்துக்கொண்டேன். எங்கள் மெக்கானிக் சிரித்தார்.

"இந்தச் சாவி ரேடியோ அலையால் காரோடு பேசுகிறது, சார். இதை நீங்கள் வாசல் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்குவீர்கள். ஒருவன் ஒரு கருவியோடு கதவோரம் நிற்பான். இன்னொருவன் காரருகே நிற்பான். சாவியின் பேச்சை அவன் வாங்கி இவனுக்கு அனுப்புவான். சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் நம்பிவிடும். ஒரு தடவை கிளம்பிவிட்டால், சாவி எட்டிப்போனாலும் எஞ்சின் நிற்காது."

"ஐயோ! இதற்குப் பரிகாரம்?"

"உலோகத்துக்குள் அடைத்து வைத்தால் அலை வெளியே போகாது. அதற்கென்றே பைகள் விற்கிறார்கள்."

சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஓர் எவர்சில்வர் சம்புடத்தோடு வந்தாள். சாவியை அதில் போட்டு மூடி, காரருகே கொண்டுபோய்க் கதவை இழுத்தேன். திறந்துகொண்டது! மூடி சற்றுத் தளர்ச்சி. அடுத்து, மூடி இறுக்கமான முறுக்கு டப்பா வந்தது. கார் அசையவே இல்லை. நீங்களும் இப்படிச் சோதித்துப் பார்த்த பிறகே எந்த டப்பாவையும் நம்புங்கள். மாற்றுச் சாவிக்கும் அதே மரியாதை வேண்டும்.

ஸ்டீயரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டு ஒன்றும் வாங்கினேன். திருடனுக்குத் தாமதம் பிடிக்காது. வெளியிலிருந்தே கண்ணில் படும் பூட்டு அவனை அடுத்த காருக்கு அனுப்பிவிடும். ஆர்.சி.யைக் காரில் வைப்பதையும் விட்டுவிட்டேன். 'டிஜிலாக்கர்' மூலம் கைப்பேசியிலேயே அதைக் காட்டலாம் என்று 2018-ஆம் வருஷமே மத்திய அரசு வழி செய்திருக்கிறது.

கார் போனதற்காக அம்மா என்னை ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. புகார் எழுதியபோது மட்டும், "காரில் வேறு என்ன இருந்தது?" என்று கேட்ட போலீஸ்காரரிடம், "ஒரு மூக்குக் கண்ணாடி" என்றாள். அதற்கு ஈடுகட்ட எந்தப் பாலிசியும் கிடையாது.

இப்போதெல்லாம் கடை வாசலில் இறங்கும்போது அம்மா சாவியைப் பற்றிப் பேசுவதில்லை. கையை மட்டும் நீட்டுகிறாள். சாவியை அதில் வைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன்.