ஒரு பிட்

பெரம்பலூர் நண்பரும் நானும் ஐந்து மாதங்கள் பேசாமலிருந்ததற்குக் காரணம் ஒரு 'ள'.

கட்டுரைகளை அரியலூரில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் நானே அடிப்பேன். பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் ஒரு மணி நேரம் பயணம் செய்து அவரிடம் தருவேன். மெய்ப்புப் பார்த்துத் திருத்தித் தருவார். வீட்டுக்கு வந்து என் கம்ப்யூட்டரில் ஏற்றி, மறுபடி சேமித்து, அச்சுக்கு அனுப்புவேன். அப்படி அச்சான ஒரு கட்டுரையில், என் தந்தையின் கடைசி நாட்களைப் பற்றிய வாக்கியத்தில், 'வலி' 'வளி' ஆகியிருந்தது. வலி போய்க் காற்று வந்துவிட்டது. இன்னோரிடத்தில் 'மரம்' 'மறம்' ஆகியிருந்தது. மூன்றாவதாக, இரண்டு சொற்களுக்கு நடுவே ஓர் ஆச்சரியக்குறி. ஆச்சரியக்குறி போடுகிறவனல்ல நான். அதைக் கேலி என்றே எடுத்துக்கொண்டேன். அவருக்கு ஒரு கண்ணில் புரை. 'கண் தெரியலன்னா விட்டுடுங்க சார்' என்று போனில் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

கம்ப்யூட்டர் அந்த நாட்களிலேயே சரியில்லை. திடீரென்று நீலத் திரை காட்டி நின்றுவிடும். சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் ஆலைகளும் நிறைந்த ஊரில் எந்தக் கோளாறுக்கும் தூசிதான் முதல் குற்றவாளி. முதலில் வந்தவர் விசிறியைத் துடைத்தார். அடுத்தவர் வைரஸ் என்றார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினார். மூன்றாமவர் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றினார். நீலத் திரை வந்துகொண்டே இருந்தது.

கடைசியில் வந்தவன் கடைப்பையன், இருபது வயதிருக்கும். இரண்டு ராம் பட்டைகளையும் கழற்றி, செப்பு மினுங்கும் ஓரத்தைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினான். பிறகு மெம்டெஸ்ட்86 என்ற நிரலை ஓடவிட்டான். கிறிஸ் பிரேடி 1994-ல் எழுதியது. ராமின் ஒவ்வோர் அறையிலும் எழுதி, திரும்ப வாசித்து, எழுதியதும் வாசித்ததும் ஒன்றா என்று பார்க்கும். மெய்ப்புப் பார்ப்பதேதான். சிவப்பு வரிகள் விழத் தொடங்கின. உடனே புதுப் பட்டை வாங்கச் சொல்வான் என்று நினைத்தேன். அவன் ஒரு பட்டையை மட்டும் வைத்து ஓட்டினான். சுத்தம். அதே இடத்தில் மற்றதை வைத்தான். சிவப்பு. நல்லதை அடுத்த இடத்துக்கு மாற்றிப் பார்த்தான். சுத்தம். பழுது பட்டையில்தான், செருகும் இடத்தில் இல்லை. 'ஒரு தடவைக்கு ஒண்ணத்தான் மாத்தணும் சார். ரெண்டை மாத்தினா எது காரணம்னு தெரியாது' என்றான்.

சிவப்பு வரிகளையெல்லாம் பார்த்தேன். எல்லாவற்றிலும் தவறியது ஒரே பிட். 0 என்று எழுதினால் 1 என்று திரும்பி வந்தது. அன்றிரவு யூனிகோட் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டேன். ல 0BB2, ள 0BB3. ர 0BB0, ற 0BB1. இரண்டு ஜோடிகளிலும் வித்தியாசம் கடைசி பிட் மட்டுமே. இடைவெளியின் எண் 32. ஆச்சரியக்குறியின் எண் 33. பென்டிரைவில் அவர் தந்த கோப்பு இன்னும் இருந்தது. அதில் வலி வலியாகவே இருந்தது.

பிழைகள் எல்லாமே ஒரே திசையில் போயிருந்தன. ல ள ஆயிற்று. ஒரு ள-வும் ல ஆகவில்லை. மனிதக் கண் தடுமாறினால் இரு பக்கமும் தடுமாறும். பிரதியை நுணுகி வாசிப்பதாகச் சொல்லிக்கொள்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நான் பிழையை வாசிக்கவே இல்லை. கண்ணில் புரையுள்ள ஒரு மனிதரை வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். பிழையைத் தானே கண்டு திருத்தும் முறையை ரிச்சர்ட் ஹாமிங் 1950-லேயே வெளியிட்டுவிட்டார். சர்வர்களில் அவ்வகை ராம் உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இல்லை; வந்ததை அப்படியே நம்பும். நானும் அந்த ரகம்தான்.

அரியலூர் 2001-ல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று; 2002-ல் மறுபடி சேர்ந்தது; 2007-ல் மறுபடி பிரிந்தது. அவற்றுக்கெல்லாம் அரசாணை இருந்தது. எனக்கு ஒரு போன் அழைப்பு போதுமாயிருந்தது.

பழுதான பட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பெரம்பலூர் போனேன். அதற்குள் அவருக்குக் கண் அறுவை முடிந்திருந்தது. எல்லாவற்றையும் விளக்கினேன். பட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

'அந்த ஆச்சரியக்குறியக்கூட நான்தான் போட்டேன்னு நெனச்சீங்களா?'