நள்ளிரவுச் சூரியனா, துருவ ஒளியா? நார்வேக்கு எந்த மாதம் போகலாம்?

நார்வே என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை இரண்டு. நள்ளிரவிலும் மறையாத சூரியன். இருண்ட வானில் பச்சைத் திரைச்சீலைபோல அசையும் துருவ ஒளி. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று ஜூனில் டிக்கெட் போட்டால் ஏமாற்றம்தான். துருவ ஒளி தெரிய இருட்டு வேண்டும். ஜூனில் அங்கே இருட்டவே இருட்டாது! அதனால் லட்சங்களைச் செலவழிக்கும் முன், ஊரை அல்ல, மாதத்தை முடிவு செய்யுங்கள்.

வசந்தம்: ஏப்ரல், மே

மலைகளுக்கு நடுவே கடல் நீர் நீளமாக உள்ளே புகுந்து நிற்கும் இடங்களை ஃபியோர்டு என்கிறார்கள். ஹார்டாங்கர் ஃபியோர்டின் கரைகளில் மே மாதம் ஆப்பிள் மரங்கள் பூத்துக் குலுங்கும். பனி உருகுவதால் அருவிகளிலும் தண்ணீர் கொட்டும். 1814-ல் அரசியல் சாசனம் உருவான நாளான மே 17 அன்று, பாரம்பரிய உடையில் ஊரே வீதிக்கு வரும். குழந்தைகளின் ஊர்வலம்தான் அன்றைய ஹைலைட். உயரமான மலைச் சாலைகள் பல அப்போதும் பனியால் மூடியிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

கோடை: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை

ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள ட்ரோம்சோ நகரில், ஏறத்தாழ மே 20 முதல் ஜூலை 22 வரை சூரியன் மறைவதில்லை. நன்றாகத் தூங்க, கண்ணை மூடும் மாஸ்க் எடுத்துச் செல்லுங்கள்! யுனெஸ்கோ பட்டியலில் உள்ள கெய்ராங்கர் ஃபியோர்டில் படகுச் சவாரி, 20 கிலோமீட்டரில் 860 மீட்டருக்கு மேல் ஏறும் ஃப்ளாம் ரயில் என்று குடும்பத்தோடு ரசிக்க நிறைய உண்டு. கூட்டமும் ஹோட்டல் கட்டணமும் அதிகமாக இருக்கும் காலமும் இதுதான். மழைக்குப் பெயர்போன பெர்கன் நகருக்குப் போனால், கோடையிலும் ரெயின்கோட் கட்டாயம்.

இலையுதிர் காலம்: செப்டம்பர், அக்டோபர்

பட்ஜெட் பார்ப்பவர்களுக்கு ஏற்ற காலம். கூட்டம் குறையும், மலைச்சரிவுகள் சிவப்பும் மஞ்சளுமாக மாறும். முக்கியமாக, இரவு திரும்பிவிடுவதால் செப்டம்பர் பிற்பகுதியிலேயே துருவ ஒளியைப் பார்க்க வாய்ப்பு உண்டு. கடுங்குளிரும் தொடங்கியிருக்காது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, நம்மூர் காலாண்டு விடுமுறை கைகொடுக்கும்.

குளிர்காலம்: நவம்பர் முதல் மார்ச் வரை

நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை ட்ரோம்சோவில் சூரியன் உதிப்பதில்லை. ஆனாலும் முழு இருட்டு இல்லை. நண்பகலில் சில மணி நேரம் நீல வெளிச்சம் பரவும். வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் கரையோரம் வருவதால், இவ்வளவு வடக்கே இருந்தும் குளிர் ஓரளவு தாங்கும்படி இருக்கும். நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டி, சாமி பழங்குடியினரின் கலைமான்கள் என்று பகலுக்கும் வேலை உண்டு. துருவ ஒளிக்கு மேகம்தான் எதிரி. ஒரே இரவை நம்பிப் போகாமல், நான்கைந்து இரவுகள் தங்குங்கள்.

கிளம்பும் முன்...

நார்வே ஐரோப்பிய யூனியனில் இல்லாவிட்டாலும், ஷெங்கன் விசாதான் தேவை. பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.

பனிக்கரடிகள் வாழும் ஸ்வால்பார்டு தீவுகளுக்கும் போக ஆசையா? அவை நார்வேக்குச் சொந்தம் என்றாலும் ஷெங்கன் பகுதிக்கு வெளியே உள்ளன. அங்கே போய்விட்டு ஓஸ்லோ திரும்ப, குறைந்தது இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் விசா கையில் இருக்க வேண்டும்.

செலவைக் குறைக்க ஒரு வழி: குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம். எந்த மாதம் போனாலும் உள்ளே கம்பளி, வெளியே மழைக்குத் தாங்கும் ஜாக்கெட். பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது இதுதான்!