அடிப்பக்கத்தில் ஒளிந்த வேலை

சூப்பர் காரின் மேற்புறத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். காற்றுச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் எனக்கு, வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தால்தான் திருப்தி. அப்படிப் பார்த்து நான் மிகவும் மதிக்கும் அமெரிக்க வண்டி, 2005, 2006 மாடல்களாக வந்த ஃபோர்டு ஜிடி. மொத்தமே 4,038 வண்டிகள்தான் செய்தார்கள்.

அதன் உருவம் புதிதல்ல. 1966 முதல் 1969 வரை லெ மான் பந்தயத்தைத் தொடர்ந்து நான்கு முறை வென்ற ஜிடி40-இன் சாயல் அது. கூரையையும் சேர்த்து வெட்டிய கதவுகள் உட்பட அந்தச் சாயலைக் கமிலோ பார்டோவின் வடிவமைப்புக் குழு காப்பாற்றியது. எங்கள் தொழிலுக்குச் சிக்கலே அங்குதான். வேகம் கூடினால் அந்த அழகான உடம்பு தரையை விட்டு எழப் பார்க்கும். 1964 ஏப்ரலில் லெ மான் சோதனை ஓட்டத்துக்குப் போன இரண்டு ஜிடி40-களும் விபத்தில் சிக்கின; பின்பக்கம் நிலைகொள்ளவில்லை. வாலில் ஸ்பாய்லர் வைத்த பிறகுதான் அடங்கின.

காற்றின் விசை வேகத்தின் இருமடியாக ஏறும். 100 கிலோமீட்டர் வேகத்தில் பத்து கிலோ தூக்கும் உடம்பு 300-இல் தொண்ணூறு கிலோ தூக்கும். ஜிடியோ மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர் போகும் வண்டி. பின்னால் பெரிய இறக்கை ஒன்றை நிறுத்தியிருந்தால் தூக்கல் அடங்கியிருக்கும். அந்த உருவம் செத்திருக்கும். இழுவையும் கூடும். இழுவையை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறுவதால், சூப்பர்சார்ஜர் பூட்டிய 5.4 லிட்டர் வி8 தரும் 550 குதிரைத்திறனும் அங்கே கரைந்துவிடும்.

ஆகவே விடையை வண்டிக்கும் தரைக்கும் நடுவே தேடினார்கள். மூக்கின் கீழே ஸ்ப்ளிட்டர், தட்டையாக மூடிய அடிப்பலகை, பின்னால் மேல்நோக்கி விரியும் வென்சுரி வாய்க்கால்கள். குறுகிய இடைவெளியில் காற்று விரைந்தோடும்போது அழுத்தம் குறைந்து வண்டி தரையோடு இழுபடும். இந்த வேலையைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும். வாய்க்காலின் சரிவு சற்றே கூடினாலும் காற்று அதன் பரப்பை விட்டுப் பிரிந்துவிடும். சோதனையின்போது அந்தப் பரப்பில் ஒட்டிவைத்த கம்பளி நூல்கள் நேராகப் படிந்து கிடந்தால் காற்று ஒட்டியே ஓடுகிறது என்று பொருள். அவை துடிக்கத் தொடங்கினால் பிடி போய்விட்டது. பின்பக்கத்தைச் சரிசெய்தால் முன்பக்கம் லேசாகி, ஸ்டீயரிங் கைக்கு நம்பிக்கை தராது. இரண்டையும் சேர்த்தே அமுக்க வேண்டும். வண்டியின் உயரம் சில மில்லிமீட்டர் மாறினாலும் கணக்கு மாறும்.

இந்தச் சமநிலையைக் காக்கும் இன்னொரு முடிவும் எனக்குப் பிடிக்கும். பெட்ரோல் டேங்கை இரு இருக்கைகளுக்கு நடுவிலுள்ள சுரங்கத்தில் வைத்தார்கள். டேங்க் காலியானாலும் முன்னும் பின்னும் எடைப் பங்கீடு அதிகம் மாறாது. டிராக்ஷன் கன்ட்ரோல் இல்லாத அந்த வண்டியில், ஓட்டுநருக்கு இது பெரிய துணை.

2017-இல் வந்த அடுத்த ஜிடி, காற்றுக்காகவே செதுக்கப்பட்டது. கார்பன் ஃபைபர் உடம்பு, காற்று புகுந்து போகும் பக்கவாட்டுப் பாலங்கள், தானாக எழும் இறக்கை. உச்ச வேகமும் 347 கிலோமீட்டர். அதையும் வியக்கிறேன். ஆனால் அங்கே உருவத்தை விருப்பம்போல் வளைக்கும் உரிமை காற்றியல் பொறியாளருக்கு இருந்தது. 2005-இல் மேற்புறத்தின் கோடுகள் முன்பே முடிவாகியிருந்தன. அவற்றைக் கலைக்காமல் வேலையை முடித்தவர்களையே நான் கைதேர்ந்தவர்கள் என்பேன்.