70 வளைவு... மிதிக்க ரெடியா?

செமஸ்டர் லீவுன்னா பஸ் புடிச்சு ஊட்டி போற பார்ட்டியா நீங்க? இந்தத் தடவை சைக்கிளோட நாமக்கல் மாவட்டம் காரவள்ளிக்கு வாங்க பாஸ்! வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்கு அடிவாரம். இங்கிருந்து மேலே சோளக்காடு வரை மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள்!

முதல் பத்து வளைவு வரை நான்தான் ஹீரோ. முப்பதாவதில் மூச்சு முட்டி, இறங்கித் தள்ள ஆரம்பிச்சேன். எதிரே வந்த பெரியவர் ஒருத்தர், ''மெதுவா போ கண்ணு, மலை எங்கியும் ஓடிப் போயிடாது'' என்றார். அந்த வார்த்தையிலேயே வெட்கம் போயிடுச்சு.

ஆனா, நிஜப் பரீட்சை இறங்கும்போதுதான். பிரேக்கைப் பிடிச்ச பிடி விடாம வந்தேன். பாதி மலையில் நிறுத்தி ரிம்மைத் தொட்டா... சுட்டுடுச்சு! உராய்வு வெப்பமா மாறும்னு எழுதி மார்க் வாங்கினவன்தான் நான். நீங்க வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க. ரெண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிங்க. நடுவில் நின்னு ஆறவிடுங்க.

தள்ளிட்டே ஏறினாலும் எழுபது எழுபதுதான் பாஸ். முழுசா இறங்கி வந்தாதான் அது கணக்கு!