வாடிய கொழுந்து காத்திருந்தது

பிள்ளைகளே, இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில், தேயிலை ஸ்டோரில் என் அப்பா ரோலர் பார்த்தவர். கொழுந்தை மாடியில் வாட்டுவார்கள். பிறகு கீழே அரைத்து, நொதிக்க விட்டு, காயவைத்து, சலிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி இடம், தனி ஆள். ஓர் இரவு ரோலர் பழுதானது. அதில் கிடந்த ஓர் ஈடு போயிற்று. மாடியில் வாடிய கொழுந்து விடியும்வரை காத்திருந்தது.

இதைப் பார்த்து வளர்ந்த நானே, மழைக் கணிப்புக்காக சூப்பர் கம்ப்யூட்டரில் ஓட்டிய முதல் நிரலை ஒரே பிண்டமாக எழுதினேன். தரவை வாசிப்பது, மலைகளைக் கட்டங்களாக வகுப்பது, கணக்கிடுவது, படம் வரைவது எல்லாம் அதற்குள். நான்காம் நாள், படம் எழுதும் இடத்தில் சேமிப்பிடம் நிரம்பி நிரல் விழுந்தது. நாலு நாள் கணக்கும் அதோடு போயிற்று. நான் கணினியைக் குறை சொன்னேன். மூத்தவர் ஒருவர் கேட்டார்: "நேற்றுவரை முடித்ததை எங்கே இறக்கி வைத்தாய், தம்பி?"

முடித்ததை இறக்கி வைக்காதவன் முழு வழியும் திரும்பி நடப்பான்.

உலகெங்கும் வழங்கும் டபிள்யூ.ஆர்.எஃப் வானிலை மென்பொருளை அவரே பிரித்துக் காட்டினார். அதில் 'ஜியோகிரிட்' நிலத்தின் மேடுபள்ளத்தைக் கட்டங்களாக்கும். 'அன்கிரிப்' உலக வானிலைத் தரவைப் பிரித்தெடுக்கும். 'மெட்கிரிட்' இரண்டையும் பொருத்தும். அதன் பிறகே கணிப்பு. ஒவ்வொன்றும் தன் விளைவைக் கோப்பாக வைத்துவிட்டு விலகும்.

நம் மலைநாட்டுக்கு இந்தப் பிரிப்பு பெரிய விஷயம். 27 கிலோமீட்டர் கட்டத்தில், 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதலாகலை சராசரியில் கரைந்துவிடும். தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியாச் சரிவுகளில் கொட்டுவதும், ஊவாப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குவதும் மலைகளின் உயரத்தால்தான். கட்டத்தைச் சிறிதாக்கினால் ஜியோகிரிட்டை மறுபடி ஓட்ட வேண்டும். அன்கிரிப் பிரித்து வைத்ததோ எந்தக் கட்டத்தையும் சாராதது, அப்படியே உதவும்.

என் நிரலைப் பிரித்தெழுத எட்டு மாதம் பிடித்தது. எங்கே வெட்டுவது என்று காண்பதிலேயே பாதிக் காலம் போயிற்று. மில்லிமீட்டர் வரவேண்டிய கோப்பில் மீட்டர் வந்தால், அடுத்த பகுதி அதையும் சரியென்று எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு வாசலிலும் ஒரு சோதனை வைத்தேன். பொதுக் கணினியில் நமக்குத் தந்த நேரம் தீர்ந்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள். அதனால் ஆறு மணி நேரத்துக்கொருமுறை நிலையைச் சேமிக்கவும் பழகினேன்.

2022இல் திருச்சி என்.ஐ.டி.யில் 838 டெராஃப்ளாப்ஸ் திறனுள்ள 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டர் வந்தபோது மகிழ்ந்தேன். ஆனால் அத்தனை வேகமும், பிரிக்காமல் எழுதிய நிரலை விழாமல் காக்காது.

அடுத்த பருவமழையில் படம் எழுதும் பகுதி மறுபடி விழுந்தது. அதை மட்டும் திருத்தி ஓட்டினேன். விளக்கு வைக்குமுன் வீட்டில் இருந்தேன்.